பரண்மேல் கிடக்கும் டெக்கை எடைக்குப் போடலாமா?

கோட்டுச்சேரிமேட்டில் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் செயின், பீரோவின் கீல் என ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். காரைக்கால் நகரத்துக்கு வடக்கே கடலை ஒட்டியிருக்கும் இந்த மீனவக் கிராமத்திலும், கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு போன்ற அண்டை ஊர்களிலும் அந்தக் காற்று இப்போது தின்பவற்றில் ஒன்று பரண்மேல் கிடக்கும் பழைய டெக். ஒரு காலத்தில் வீட்டின் பெருமையாக இருந்த அந்த வி.சி.ஆர். இன்று பழைய இரும்புக்கடையில் கிலோக் கணக்கில் போகிறது. கேசட்டுகளோ பீரோவுக்குள் அப்படியே இருக்கின்றன. டெக்கை எடைக்குப் போட்டுவிட்டுக் கேசட்டைப் பத்திரமாக வைத்திருப்பதில் பொருளே இல்லை. அதைப் படிக்க அந்த இயந்திரத்தைத் தவிர உலகில் வேறு வழி கிடையாது.

புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. உதிரிபாகம் கிடைப்பது கடினமாகிவிட்டது, வாங்குவோரும் குறைந்துவிட்டார்கள் என்பது அது சொன்ன காரணம். அன்றிலிருந்து உலகிலுள்ள டெக்குகளின் எண்ணிக்கை குறைய மட்டுமே முடியும். ஓடக்கூடிய ஒவ்வொரு டெக்கும், ஓடவைக்கக்கூடிய ஒவ்வொரு டெக்கும் இனி பொதுச் சொத்துக்குச் சமம்.

ஜே.வி.சி. நிறுவனம் இந்த டெக்குகளில் ஓடும் வி.எச்.எஸ். கேசட் முறையை ஜப்பானில் அறிமுகப்படுத்தியது 1976இல். இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது 1982 ஆகஸ்ட் 15 அன்று. அந்த ஆண்டின் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணப் பெட்டி பரவ, அதன் பின்னாலேயே டெக்கும் பரவியது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் நேஷனல் பேனசோனிக்கும் அக்காயும் ஃபுனாயும் வந்து இறங்கின. காரைக்காலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். ஆகவே அங்கிருந்தும் கேசட் வரும்.

அப்படி வந்த கேசட்டில் ஒரு சிக்கல். இந்தியா பின்பற்றியது பால் (PAL) என்னும் வண்ணத் தொலைக்காட்சி முறை. பிரான்ஸ் பின்பற்றியது செகாம் (SECAM). இரண்டுமே 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டகங்கள் என்பதால் படம் ஓடும். ஆனால் வண்ணத்தை எழுதிவைக்கும் விதம் வேறு என்பதால், பாரிஸில் நடந்த பேரனின் பிறந்தநாள் காரைக்காலில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த மாதிரிக் கேசட் வீட்டில் இருந்தால் அது கெட்டுப்போனது என்று ஒதுக்க வேண்டியதில்லை. வண்ணம் டேப்பிலேயே இருக்கிறது. பிரெஞ்சு செகாமைப் படிக்கத் தெரிந்த டெக் ஒன்று கிடைத்தால் கேக்கின் மேலுள்ள மெழுகுவத்தி வரை நிறத்தோடு வரும்.

வாடகைக்கு டெக் எடுத்து, வாசலில் டிவியை வைத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த இரவுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் படங்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்காக யாரும் டெக்கைப் பழுதுபார்க்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறெங்கும் இல்லாத பதிவுகளைப் பற்றித்தான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கோயில் குடமுழுக்கு ஆகியவற்றின் கேசட்டுகள் அவை. தோளில் கேமராவும் கூடவே லைட் பிடிக்கும் பையனுமாக வந்த வீடியோக்காரர், மணமக்களை மட்டும் எடுக்கவில்லை. பந்தி நடக்கும் இடத்தில் இலை இலையாக நகர்ந்தார். மொய் எழுதும் மேசைக்கு அருகே நின்றார். சமையல்கட்டுக்குள் புகுந்தார். பந்தலுக்கு வெளியே கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. அன்று சலிப்பூட்டிய அந்த நீண்ட காட்சிகள்தான் இன்று விலைமதிப்பற்றவை.

2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் காரைக்கால் மாவட்டக் கடற்கரை நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. வீடுகள் போயின, வீடுகளோடு ஆல்பங்களும் கேசட்டுகளும் போயின. ஆனால் கல்யாணக் கேசட் ஒரே வீட்டில் இருக்கும் பொருளல்ல. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று பிரதி போடுவார்கள். வெளிநாட்டிலிருக்கும் தாய்மாமனுக்கு ஒன்று போகும். அன்று கடலில் போன ஒரு தாய், ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் வேறொரு குடும்பத்தின் கேசட்டில், பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கலாம். புகைப்படத்தில் முகம் மட்டும்தான் மிஞ்சும். டேப்பில் நடையும் குரலும் மிஞ்சும். அந்தக் கேசட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியாது. அதைத் தேடும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டெக் ஓடினால் மட்டுமே இந்த இரண்டு குடும்பங்களும் சந்திக்க முடியும்.

டெக்கை ஓடவைப்பது முடியாத காரியமா? பெரும்பாலும் இல்லை.

மூடியைக் கழற்றினால் நடுவில் பளபளவென்று சற்றுச் சாய்ந்து நிற்கும் உருளைதான் ஹெட் டிரம். 62 மில்லிமீட்டர் விட்டம். நம் நாட்டு முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. டேப்போ நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்ந்து போகிறது. மெதுவாகப் போகும் டேப்பின் மேல் வேகமாகச் சுழலும் ஹெட் சாய்வாகக் கோடு போட்டுப் படிக்கிறது. ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தின் ஹெட்டில் தூசியோ டேப்பிலிருந்து உதிர்ந்த துகளோ ஒட்டிக்கொண்டால் திரையில் மழை பெய்வது இயல்பு. ‘ஹெட் போயிடுச்சு’ என்று கைவிடப்பட்ட டெக்குகளில் பலவற்றில் ஹெட் போகவில்லை, அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

டெக் கேசட்டைத் தின்றுவிட்டது என்று புகார் வந்தால், கைதேர்ந்த மெக்கானிக் முதலில் பார்ப்பது ரப்பரைத்தான். டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலர் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து வழவழவென்று இறுகியிருக்கும். பெல்ட் தளர்ந்து நீண்டிருக்கும், அல்லது இளகிப் பிசினாகியிருக்கும். சுருள்களைச் சுற்றவைக்கும் ஐட்லரின் ரப்பர் வளையம் வழுக்கும். ஹெட்டைத் தாண்டி வந்த டேப்பைச் சுருட்டிக்கொள்ள மறுபக்கச் சுருள் சுழலாவிட்டால் அது உள்ளேயே குவிந்து கசங்குகிறது. பெல்ட்டும் ரோலரும் சின்னச் சாமான்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தேடலாம், இல்லாவிட்டால் செத்துப்போன இன்னொரு டெக்கிலிருந்து எடுக்கலாம். ஓடாத டெக்கையும் எடைக்குப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். விளக்கே எரியவில்லை என்றால் பவர் சப்ளையில் உலர்ந்துபோன கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம். அதை மாற்றுவது டிவி பழுதுபார்க்கத் தெரிந்த எவருக்கும் பழகிய வேலை. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பகுதியில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டுக்காரர் கைவைக்கிற இடமல்ல அது.

கரண்ட் போய் டேப் உள்ளே மாட்டிக்கொண்டால், பலர் கேசட்டைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். டேப் அப்போது உருளையைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. இழுத்தால் கசங்கும், அறும். மூடியைத் திறந்து, லோடிங் மோட்டாரின் பற்சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினால் டேப் உருளையைவிட்டு விலகும், தளர்ந்த டேப்பைச் சுருளைத் திருப்பிக் கேசட்டுக்குள் சுற்றிவிடலாம். பொறுமைதான் வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் பழைய கைவைத்தியங்கள் சில இன்னும் நடமாடுகின்றன. மொடமொடப்பான புது ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைப்பார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் தேய்ப்பார்கள். இரண்டும் தவறு. பஞ்சின் இழை ஹெட்டின் நுனியில் சிக்கினால் அதைப் பெயர்த்துவிடும். மென்தோல் பொருத்திய குச்சியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, குச்சியை உருளையின் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, உருளையின் மேல்பகுதியைக் கையால் திருப்ப வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும். ஆல்கஹால் ரப்பரை மேலும் இறுகச் செய்யும்.

கடற்கரை வீடுகளுக்கு மட்டும் கூடுதலாக ஓர் எச்சரிக்கை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. அந்த ஈரத்தில் கேசட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சிறு கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால், சுருளின் மேல் வெள்ளைப் பொடி தூவியது போலத் தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் டேப்பும் கெடும், ஹெட்டும் அடைக்கும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் பூஞ்சை ஒட்டும். அதைத் தனியே உறையிட்டு வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்து உலர்த்தித் துடைக்கச் செய்ய வேண்டும். டெக்குக்குள் ஈரம் கோத்திருந்தால் சில மாடல்கள் ஓடவே மறுக்கும். அது பழுது அல்ல, தற்காப்பு. சில மணி நேரம் உலரவிட்டால் மீண்டும் ஓடும்.

“இதெல்லாம் எப்போதோ சி.டி.யில் மாற்றியாகிவிட்டதே” என்பது அடிக்கடி வரும் பதில். 2000களின் தொடக்கத்தில் ஸ்டுடியோக்கள் கல்யாணக் கேசட்டை வி.சி.டி.யில் மாற்றிக் கொடுத்தது உண்மை. ஆனால் வி.சி.டி. மிகவும் இறுக்கிச் சுருக்கிய வடிவம். கேசட்டில் நொடிக்கு 50 அரைப்படங்கள் இருந்தன, வி.சி.டி.யில் 25 படங்கள்தான், அதாவது அசைவில் பாதி போய்விட்டது. மங்கலான மண்டபத்தில் எடுத்த காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன. அந்தத் தட்டுகளில் பல இன்று படிக்கவும் மறுக்கின்றன. நாற்பது வயதான டேப், இருபது வயதான தட்டைவிட நல்ல படத்தைத் தரும் வீடுகள் இருக்கின்றன. மாற்றியாகிவிட்டது என்று கேசட்டைத் தூக்கியெறிவது மூலத்தை எறிந்துவிட்டு நகலை வைத்துக்கொள்வது.

டேப்பும் என்றென்றைக்கும் நிற்காது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025ஐக் கெடுவாகக் குறித்து 2015இலேயே எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் இதே அபாயத்தைக் கையிலெடுத்தன. இந்த அமைப்புகள் கவலைப்பட்டது டேப்புக்காக மட்டுமல்ல. ஓடும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கையும் டேப்புக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதற்காக. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நூலகராக இருந்த மரியன் ஸ்டோக்ஸ், 1970களின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை வீட்டிலிருந்தே தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாது பதிவுசெய்தார். சுமார் 70,000 கேசட்டுகள் சேர்ந்தன. கிறுக்கு என்று சொல்லப்பட்டிருக்கக்கூடிய அந்த உழைப்பை இன்று இணைய ஆவணக் காப்பகம் பெற்றுப் பாதுகாக்கிறது. வீட்டு டெக்கில் பதிவானது நாட்டு வரலாறாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காரைக்காலில் செய்யக்கூடியது என்ன? கோட்டுச்சேரிமேட்டுக்கு அருகிலேயே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே கணினியில் பதிந்து, மென்பொருளால் படமாக்கும் திறந்த மூல முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. மாணவர் திட்டப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அரிது. வேண்டியது ஓர் அறை, ஈரம் புகாத ஓர் அலமாரி, ஊரிலிருந்து திரட்டிய டெக்குகளை வைத்து ஓடவைத்த மூன்று நான்கு இயந்திரங்கள், அவற்றில் ஒன்றாவது செகாம் படிப்பதாக. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பதுகளில் டெக் பிரித்துப் பழகிய உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு முறையான சம்பளம் கொடுத்துச் சொல்லித்தர அழைக்க வேண்டும். அவர்களின் விரலில் இருக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைக்கு அந்த மரியாதை கிடைத்த இதே ஒன்றியப் பிரதேசத்தில் டேப்புக்கும் கிடைக்க வேண்டும். மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று அழைத்து வரவேற்பதை, காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் பறப்பதை, முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கேசட்டுகள் யார் யார் வீட்டிலோ இருக்கும். கல்யாணக் கேசட் குடும்பத்தின் சொத்து. பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சம்மதமில்லாமல் ஒரு காட்சியும் வெளியே போகக் கூடாது. திருவிழாக் காட்சிகளை மட்டும், தருபவரின் விருப்பத்தோடு, பொதுக் காப்பகத்தில் சேர்க்கலாம். சுனாமியில் உறவுகளை இழந்தவர்கள் ஊரும் ஆண்டும் சொல்லித் தேடிப் பார்க்க அதே அறையில் ஒரு பதிவேடும் வைக்கலாம்.

அந்த அறை அமையும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கேசட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரில் சாயாமல் வைக்க வேண்டும். ஒட்டிய தாள் உரிந்திருந்தால் பெயரும் ஆண்டும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். கேசட்டின் முதுகு ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டி இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் இனி யாரும் தவறியும் எதையும் பதிவுசெய்ய முடியாது. மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் அதை உடைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது.