நூலகத்துக்கு எது, வீட்டுக்கு எது?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருட்களைப் பிரித்து வைக்கும் விளையாட்டு மிகவும் பிடிக்கும். நூலகம் என்றால் என்னவென்று இதைக் கொண்டே சொல்லிக் கொடுக்கலாம், அம்மாமாரே.

பாயை விரித்து ஒரு பக்கம் சுளகையும் மறுபக்கம் கடகத்தையும் வையுங்கள். சுளகு நூலகம், கடகம் வீடு. கதைப்புத்தகம், பழைய பத்திரிகை, அகப்பை, சீப்பு, குடை, பனையோலைத் துண்டு என ஏழெட்டுப் பொருட்கள் போதும். வீட்டுக்குள் இருப்பவற்றையே எடுங்கள். பொறுக்கிவரச் சொல்லிப் பிள்ளையைப் பற்றைப் பக்கம் அனுப்பவே வேண்டாம். எங்கள் பகுதிகளில் வெடிபொருட்கள் இன்னும் அகப்படுகின்றன.

குடையைச் சில பிள்ளைகள் சுளகில் வைப்பார்கள். "பிழை" என்று சொல்லாமல் ஏன் என்று கேளுங்கள். மழைக்கு ஆட்கள் கொண்டு போவார்கள்தானே! கொண்டு போகும் பொருள் வேறு, அங்கேயே இருக்கும் பொருள் வேறு என்று அப்போது விளக்கலாம். ஓலைத் துண்டு அநேகமாகக் கடகத்துக்குத்தான் போகும். முன்பு ஓலையில்தான் எழுதினார்கள் என்று சொல்லி அதைச் சுளகுக்கு மாற்றுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. இது சற்று வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லவேண்டிய கதை.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வைத்திருக்கும் பையையும் காட்டுங்கள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பை உண்டு. அதிலும் எழுத்து இருக்கிறது, ஆனால் அது எங்களுக்கு மட்டும் உரியது. நூலகத்தில் உள்ளதோ எல்லாருக்கும் உரியது.

விளையாட்டு முடிந்ததும் கிட்டடியில் உள்ள நூலகத்துக்குக் கூட்டிச் சென்று ஒரு புத்தகம் இரவல் எடுங்கள். சிக்கல் வருவது திருப்பிக் கொடுக்கும் நாளில்தான். பல பொருட்களை இழந்த வீட்டுப் பிள்ளை, கையில் கிடைத்ததை இலகுவில் விடாது, கட்டிப்பிடித்து அழும். அதைப் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். போனது திரும்பி வராது என்பதைத்தான் அது கண்டிருக்கிறது. எடுத்த அன்றே கலண்டரில் திருப்பிக் கொடுக்கும் நாளைச் சுற்றி வட்டம் போட்டு, தினமும் காட்டிவாருங்கள். அந்த நாளில் பிள்ளை தன் கையாலேயே புத்தகத்தைக் கொடுக்கட்டும். உடனேயே அடுத்ததைத் தெரிவுசெய்ய விடுங்கள். சில வாரங்கள் கழித்துப் போகும்போது முதற் புத்தகம் அடுக்கில் இருந்தால், அதைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.