நடுவானில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? கடலூர், சிதம்பரம் பகுதியில் சிறிய விமானம் எங்கே இறங்க முடியும்?

2025 நவம்பர் 13. திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே ஒரு சிறிய பயிற்சி விமானம் திடீரென தரையிறங்கியது. அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். சாலையில் நின்ற விமானத்தின் வீடியோ வைரலானது. அப்போது பலரும் கேட்ட கேள்வி இதுதான்: இன்ஜின் நின்னா விமானம் அப்படியே விழுந்துடாதா?

விழாது. ஏன்?

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் அல்ல, இறக்கை. இன்ஜின் நின்றாலும், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் விமானம் சறுக்கியபடியே இறங்கும். பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172, ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் சுமார் 9 கிலோமீட்டர் போய்விடும். 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் கையில் இருப்பது சுமார் 8 கிலோமீட்டர் தூரம், 4 நிமிடம். அவ்வளவுதான்.

இன்ஜின் ஏன் நிற்கிறது?

எரிபொருள் தீர்ந்துபோவது, எரிபொருளில் தண்ணீர் கலப்பது, உதிரிபாகம் உடைவது எனப் பல காரணங்கள். கார்புரேட்டரில் ஐஸ் படிவதும் ஒன்று. இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. ஈரப்பதம் அதிகமாக இருந்தால் 25 டிகிரி வெயிலிலும் நடக்கும்.

அந்த 4 நிமிடத்தில் விமானி செய்வது என்ன?

முதலில் வேகம், அடுத்து இறங்கும் இடம். அதன்பிறகுதான் இன்ஜினை மீண்டும் இயக்கும் முயற்சி. 'மேடே' என மூன்று முறை அறிவித்து இருப்பிடத்தைச் சொல்வார். தரையைத் தொடும் முன் எரிபொருளை அடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைப்பார். மோதலில் சட்டம் நசுங்கி கதவு சிக்கிக்கொள்ளக் கூடாதே!

கடலூரில் சிக்கல் எங்கே?

கடலூர் நகருக்கு மேல் 3,000 அடியில் இன்ஜின் நின்றால், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரி ஓடுபாதை எட்டாது. சிதம்பரத்தில் இருந்து நெய்வேலி ஓடுபாதையும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அப்போ மிச்சம் இருப்பது வயல், சாலை, கடல்.

அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்ல இடம். ஆனால் சம்பா பருவத்தில் தண்ணீர் நிற்கும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வயல்களில் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். நெடுஞ்சாலையில் மின்கம்பி, நடுத்தடுப்பு, எதிரே வரும் பைக் எல்லாமே ஆபத்து. பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காடும் கால்வாய்களும்தான்.

கடல் இன்னும் கடினம். 2015 ஜூன் 8 இரவு, 3 பேருடன் சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் இந்தக் கடல் பகுதியில் மாயமானது. அது இரட்டை இன்ஜின் கொண்ட ரோந்து விமானம். கடற்படைக் கப்பல்களும் நீர்மூழ்கியும் தேடின. ஒரு மாதத்துக்குப் பிறகே, கடலூர் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அதன் கறுப்புப் பெட்டி கிடைத்தது. மூவரும் உயிரிழந்தனர். கடலில் விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் ஒற்றை இன்ஜின் விமானத்தில் கரையோரம் பறப்பவர்கள், சறுக்கியே கரையை எட்டும் தூரத்துக்குள் இருப்பது பாதுகாப்பு.

உங்கள் ஊர் வயலில் விமானம் இறங்கினால்?

* உடனே 112-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.
* எரிபொருள் கசியலாம். அருகில் பீடி, சிகரெட் கூடாது.
* நின்றுபோன ப்ரொப்பல்லரைத் தொடாதீர்கள், லேசாகத் தள்ளினாலும் சுழலக்கூடும்.
* செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடினால் ஆம்புலன்ஸுக்கு வழி அடைபடும்.
* உடைந்த பாகங்களை எடுக்காதீர்கள். விமான விபத்து புலனாய்வுப் பிரிவுக்கு ஒவ்வொரு துண்டும் ஆதாரம். இன்ஜின் ஏன் நின்றது என்று தெரிந்தால்தான் அடுத்த விமானத்தைக் காப்பாற்ற முடியும்.