பாங்கு நேரம் பார்க்க எங்கள் வீட்டு வாசல் வரை எதற்கு?

2020 நவம்பரில் 'மதர்போர்ட்' இணைய சஞ்சிகை வெளியிட்ட செய்தியைப் பலர் மறந்திருக்கலாம். ஒன்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் தரவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குச் சென்றன. அந்நிறுவனமோ ஒப்பந்தகாரர்கள் ஊடாக அமெரிக்க இராணுவம் வரை தரவுகளை விற்று வந்தது. இராணுவத்துக்குத் தாம் நேரடியாக எதையும் விற்கவில்லை என மறுத்த முஸ்லிம் ப்ரோ, தரவுப் பங்காளர்களுடனான தொடர்பை முறித்துக்கொண்டது. மத வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்குச் சென்றுவருவோரின் தரவுகளை விற்க எக்ஸ்-மோட்டுக்கு அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2024 ஜனவரியில்தான் தடை விதித்தது.

அந்தப் பயனர்கள் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தியவர்கள்தானே என்று கேட்கலாம். அழுத்தினார்கள், ஆனால் தொழுகை நேரத்துக்காக. தகவல் யார் யாரிடம் போகும் என்பதை எங்கோ ஒரு மூலையில், பல பக்க ஆங்கிலச் சட்ட வாசகங்களுக்குள் வைத்துவிட்டுப் பெறுவதை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன்.

இருப்பிடம் கேட்கும் அதே திரையில், தமிழில், மூன்று வரிகள் போதும்: 'தொழுகை நேரத்தைக் கணிக்க உங்கள் ஊர் தேவை. விளம்பர நிறுவனங்களுக்கு இது வழங்கப்படுகிறது அல்லது வழங்கப்படாது. மறுத்தால் ஊரின் பெயரை நீங்களே தெரிவு செய்யலாம்.' உண்மையில் ஊரின் பெயருக்கு மேல் எதுவும் தேவையில்லை. கொழும்புக்கும் காத்தான்குடிக்கும் இடையில் லுஹர் நேரம் வேறுபடுவதே ஏழெட்டு நிமிடங்கள்தான். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை எவருடைய வீட்டு இலக்கத்தையும் கேட்டதில்லை! கிப்லா திசைக்கும் தோராயமான இடமே போதும். அன்ட்ரொய்ட் 12 முதல், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், துல்லியமான இருப்பிடத்தை மறுத்து தோராயமானதை மட்டும் கொடுக்க வசதி உண்டு.

எமது நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாகவும் விளங்கும் விதத்திலும் தகவல் தர வேண்டும் என்கிறது. மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவை விசேட வகையாகவும் கருதுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் வீட்டிலிருந்த அரபு நூல்களுக்கும் விளக்கம் சொல்ல நேர்ந்த சமூகத்துக்கு இது சின்ன விடயமல்ல.

ஸகாத், ஜனாஸா அறிவித்தல், மஹல்லா விபரம் என்று எமது இளைஞர்களும் இப்போது செயலிகள் செய்கிறார்கள். அவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று வரிகளை அடுத்த பதிப்பிலேயே சேர்க்கலாம்.