@-க்கு இடப்பக்கம் அடுத்தவர் வீடு

அனுப்பிய மெயில் திரும்பி வருகிறது. காரணம் கேட்டால் ‘முகவரியில் தடை செய்யப்பட்ட எழுத்து’ என்று ஒரே ஒரு வரி. அட்மினிடம் போனால், “வேற முகவரி வெச்சுக்கச் சொல்லுங்க சார்” என்கிறார். ஓ'பிரையன் என்று பரம்பரையாகப் பெயர் வைத்திருக்கிற அயர்லாந்துக்காரர், யாரோ ஒருவரின் சர்வருக்காக நடுவில் இருக்கும் குறியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமாம். நல்ல நியாயம்!

விதி என்ன சொல்கிறது? 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5321-ன்படி, @-க்கு இடப்பக்கம் இருப்பதற்குப் பொருள் சொல்லும் உரிமை, வலப்பக்கம் பெயர் உள்ள சர்வருக்கு மட்டும்தான். கூட்டல் குறி, ஒற்றை மேற்கோள், சாய்கோடு, சதவீதக் குறி, ஏன், ஆச்சரியக்குறிகூட அங்கே செல்லும். தபால்காரர் இனிஷியல் பிடிக்கவில்லை என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புவதில்லையே!

பிறகு ஏன் இந்தத் தடை? அது ஒரு பழைய கதை. பிட்நெட், யுயுசிபி என்று வலைப்பின்னல்கள் தனித்தனியாக இருந்த காலத்தில், போக வேண்டிய ஊரை % போட்டு இடப்பக்கமே எழுதிவிடுவார்கள். நடுவில் இருக்கும் சர்வர் தன் பெயரை நீக்கிவிட்டு, % இருந்த இடத்தில் @ போட்டு மேலே அனுப்பும். பின்னால் ஸ்பாம் வியாபாரிகள் இந்தக் கொல்லைப்புற வழியைக் கண்டுகொண்டார்கள். அடுத்தவர் சர்வரில் ஓசிப் பயணம்.

அதனால்தான் 1995-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த எக்ஸிம், தன் மாதிரி அமைப்புக் கோப்பில் %, ! உள்ள பெறுநர் முகவரிகளைத் தடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவை செல்லுபடியாகும் எழுத்துகள்தான், முன்னெச்சரிக்கையாகத் தடுக்கிறோம் என்று அந்தக் கோப்பின் குறிப்பே ஒத்துக்கொள்கிறது. அவர்கள் நேர்மையானவர்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் காப்பியடித்து, தங்கள் பங்குக்கு கூட்டல் குறியையும் ஒற்றை மேற்கோளையும் தடைப்பட்டியலில் சேர்க்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல? (வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் ரகம்!)

ஓசிப் பயணத்தை நிறுத்த எழுத்துகளைத் தடுக்கத் தேவையே இல்லை. கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவருக்கு மட்டும் வெளியே அனுப்பும் அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஸ்பாம் அனுப்புகிறவரோ சாதுவான எழுத்துகளிலேயே ஆயிரம் முகவரி வைத்திருப்பார். மாட்டுவது ஓ'பிரையன்தான்.

கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. பொய்யாக ஒரு மெயில் உரையாடல் நடத்திப் பார்க்கும் வசதி எக்ஸிமிலேயே இருக்கிறது. எந்த விதி கழுத்தைப் பிடித்தது என்று காட்டிவிடும். பத்து நிமிட வேலை. “முகவரியை மாத்துங்க” என்பது அதைவிடச் சுலபம், அவ்வளவுதான்.

2012-ல் வந்த ஆர்.எஃப்.சி. 6531, @-க்கு இடப்பக்கம் தமிழிலேயே எழுத வழி செய்துவிட்டது. வழியில் உள்ள சர்வர்களும் அதை ஏற்க வேண்டும். ஒரு கூட்டல் குறியைப் பார்த்தே மிரளும் அட்மின், ‘ழ’வைப் பார்த்தால் என்ன செய்வாரோ!