மறுபடி போட முடியாத கணக்கு

தருமபுரி மாவட்டத்தின் வாணியாற்றுப் படுகையில் கிணற்று நீரை ஆராய்ந்த அண்ணா பல்கலைக்கழக நிலவியலாளர்கள், அதிலுள்ள ஃப்ளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வருகிறது என்று காட்டினார்கள். பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் சிதையச் சிதைய அது நீரில் சேர்கிறது. நீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் அதோடு கூடிப் படிந்துவிடும். பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரிலோ அப்படியே தங்கிவிடும். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படியும். அளவு மேலும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

ஆனாலும் நிலத்தடி நீரைப் பற்றிய கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. எங்கே தடுப்பணை கட்டினால் ஊறும் மழைநீர் ஃப்ளோரைடின் செறிவைக் குறைக்கும்? இன்னும் நூறு ஆழ்துளைக் கிணறு போட்டால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்? இவற்றுக்கு உலகெங்கும் விடை தேடும் மென்பொருள் மாட்ஃப்ளோ. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மெக்டொனால்டும் ஹார்பாவும் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி 1984இல் வெளியிட்டது. மூலநிரல் அனைவருக்கும் பொது, காசு கிடையாது.

நிரல் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. எந்தக் கோப்பை முதலில் தொகுப்பது, எந்த லைப்ரரியை எந்தப் பதிப்பில் இணைப்பது, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு என்ன கட்டளை கொடுப்பது என்ற பக்குவமும் வேண்டும். மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதப்படும் அந்தப் பக்குவம், பல ஆய்வுக்கூடங்களில் எழுதியவரின் கணினியில் மட்டுமே வேலை செய்யும்.

ஓர் உதாரணம். ஒரே துணைநிரலை ஓரிடத்தில் முழு எண்களோடும் இன்னோரிடத்தில் தசம எண்களோடும் அழைப்பது பழைய ஃபோர்ட்ரான்காரர்களின் வழக்கம். விதிப்படி தவறுதான்; ஆனாலும் கம்பைலர்கள் விட்டுக்கொடுத்தன. 2020இல் வந்த ஜிஃபோர்ட்ரான் 10 என்ற கம்பைலர் அதைப் பிழை என்று நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் ஓடிய நிரல்கள் ஒரே நாளில் தொகுபட மறுத்தன. பழைய வழக்கத்தை அனுமதிக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்தால் தற்காலிகமாக ஓடும். அவசரத்துக்கு அதைச் செய்வதில் குற்றமில்லை. ஏன் சேர்த்தோம் என்று எழுதிவைக்காமல் போவதுதான் குற்றம்.

இதை முறையாகச் செய்தவர்கள் உண்டு. பைத்தான் மொழியின் 3.12 பதிப்பு வெளியானபோது, 2023இல், நிரலைக் கட்டும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கருவி நீக்கப்பட்டது. பெருமளவு ஃபோர்ட்ரானைச் சுமந்த சைபை என்ற பைத்தான் அறிவியல் லைப்ரரியின் குழுவினர் அதற்கு ஓராண்டு முன்பே, 1.9 பதிப்பில், மெசான் என்ற கருவிக்கு மாறிவிட்டார்கள். மாட்ஃப்ளோ 6-உம் இன்று மெசானில்தான் கட்டப்படுகிறது. நிரலில் ஒரு மாற்றம் செய்தாலும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது தானாகத் தொகுக்கப்பட்டு, சோதனைக் கணக்குகளும் ஓட்டப்படுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சோதனைதான். கம்பைலர் மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் நகரும். எவ்வளவு நகரலாம் என்று முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், மென்பொருளைப் புதுப்பித்தோமா கெடுத்தோமா என்றே தெரியாது.

பொதுப்பணத்தில் நடக்கும் நிலத்தடி நீர் ஆய்வு பெரும்பாலும் அச்சிட்ட அறிக்கையோடு முடிகிறது. வண்ண வரைபடம் இருக்கும். அதை வரைந்த நிரலும் தரவும் ஆய்வாளரின் மடிக்கணினியோடு போய்விடும். பத்தாண்டு கழித்து மழைக்கணக்கு மாறும்போது பழைய கணினி மாதிரியைத் திருத்தி ஓட்ட முடியாமல், முதலிலிருந்து மறுபடி செலவழிக்கிறோம். இது மாற ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும்: மூலநிரல், கட்டும் கோப்பு, உள்ளீட்டுத் தரவு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான விடைகள் நான்கையும் ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை.

அப்படி ஒப்படைத்ததைக் கட்டிச் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தருமபுரியின் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. பழைய மாதிரி ஒன்றைப் புதிய கணினியில் கட்டி ஓட்டட்டும். அரூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றின் நீர்மட்டத்துக்கு அறிக்கை சொன்ன அதே எண் வருகிறதா என்று பார்க்கட்டும்.