காபிக்கு முன் ஒரு மாத்திரை

அல்சூர்த் தமிழர் வீடுகளில் பொழுது விடிவது ஃபில்டர் காபியோடுதான். ஆனால் தைராய்டு சுரப்பியை முழுவதும் அகற்றிக்கொண்டவர்களின் டம்ளர் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரைதான் முதலில். காபி அதை உடலில் சேரவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கோ 4 மணி நேர இடைவெளி தேவை.

முழுச் சுரப்பியையும் எடுத்த நோயாளிகள் உடல் ஊதி, மந்தமாகிப்போனதை ஸ்விஸ் மருத்துவர் தியோடர் கோக்கர் 1883இல் பதிவுசெய்தார். அன்று மாற்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது, அளவுதான் சிக்கல்.

வழக்கமான தொடக்கக் கணக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 100. பிறகு தேவை பொறுமை. உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். எனவே அளவை மாற்றினால், 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யும் டி.எஸ்.எச். சோதனைதான் உண்மையைச் சொல்லும். பத்தாம் நாளே சோர்வு தீரவில்லையென்று தாமாகவே அளவைக் கூட்டிக்கொண்டே போனால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம்.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்த சிலருக்கு டி.எஸ்.எச். வேண்டுமென்றே குறைத்து வைக்கப்படும். கருவுற்றால் மருந்தின் தேவை கூடும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச்சீட்டு இங்கே செல்லாது.