குடோனில் பிறந்த குரவை

கூத்தை வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இரண்டாகப் பகுத்துப் பேசுகிறது சிலப்பதிகார மரபு. அரசன் முன் ஆடுவது ஒன்று. எல்லோர்க்குமாக ஆடுவது மற்றொன்று. நம் கல்விப்புலம் முதலாவதைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றி அது வாய் திறக்க வேண்டுமானால் அந்த ஆட்டம் வழக்கொழிந்து சில நூற்றாண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். துணங்கை என்றால் நமக்குக் கண் பனிக்கும். பழைய கிடங்கொன்றில் சில நூறு பேர் விடியும்வரை ஆடினார்கள் என்றாலோ ‘சீரழிவு’ என்ற சொல் நாவின் நுனியிலேயே காத்திருக்கும். நான் இங்கு பேச விரும்புவது அந்தக் கிடங்கைப் பற்றி.

1977இல் சிகாகோவின் தெற்கு ஜெபர்சன் தெருவில், முன்பு தொழிற்கூடமாக இருந்த ஒரு கட்டடத்தில் ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆடுமிடம் தொடங்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், குடோன். நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்ற இளைஞர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களில் மிகப் பலர் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள். வீட்டிலும் தேவாலயத்திலும் வேலையிடத்திலும் தம்மை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் சனிக்கிழமை இரவில் அங்கே நுழைந்து, ஞாயிறு வெயில் ஏறிய பிறகே வெளியே வந்தார்கள். அந்தக் கிடங்கின் பெயரில் பாதியை எடுத்துத்தான் ‘ஹவுஸ்’ என்று ஓர் இசைவகைக்கே பெயர் வந்தது.

இதற்கு முன்பே, 1970இல், நியூயார்க்கில் டேவிட் மன்குசோ என்பவர் தாம் குடியிருந்த இடத்திலேயே நண்பர்களை அழைத்து இத்தகைய இரவுகளை நடத்தத் தொடங்கியிருந்தார். அங்கே மது விற்பனை கிடையாது. அழைப்பு உள்ளவர் மட்டுமே வரலாம். மன்குசோ அனாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கிருந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் பிள்ளைகளுக்காகப் பலூன் கட்டி, இசைத்தட்டுப் போட்டு விருந்து வைப்பாராம். பின்னாளில் உலகமெங்கும் பரவிய ஒரு பண்பாட்டின் ஊற்று இப்படி ஓர் அனாதை விடுதியின் கூடத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று நெகிழ்ச்சி உண்டாகிறது.

இந்த ஆட்டத்தில் மேடை இல்லை. பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை. தட்டைச் சுழற்றுபவரும் ஓர் ஓரத்தில்தான் நிற்பார். குரவையும் இப்படித்தான், கைகோத்து நிற்கும் வட்டத்தில் முதல் ஆள் யார், கடைசி ஆள் யார்? சிலம்பு மாதவியின் பதினோராடலில் காமன் ஆடிய பேடு என்ற ஆட்டத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆணென்றும் பெண்ணென்றும் வரையறுக்க இயலாத கோலத்தில் ஒரு கடவுள் ஆடுவதைக் காப்பியத்துக்குள் இயல்பாக ஏற்றுக்கொண்டவர்கள், சிகாகோக் கிடங்கில் ஆடியவர்களைக் கண்டு முகம் சுளிக்க உரிமையற்றவர்கள் என்பது என் துணிபு.

குறுந்தொகை 31ஆம் பாடலை நினைத்துக்கொள்ளலாம். ஆதிமந்தியின் பெயரில் உள்ளது. மள்ளர் கூடும் விழாவிலும் மகளிர் தழுவியாடும் துணங்கையிலும் தன்னவனைத் தேடிக் காணாமல் நிற்கிறாள் ஒருத்தி. தானும் ஆடுகளத்துப் பெண், அவனும் ஆடுகளத்தவன் என்கிறாள். ஆடுகளம் என்பது ஒருவரை ஒருவர் தேடும் இடம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 1980களில் எய்ட்ஸ் அந்த நகரங்களின் மீது இறங்கியபோது, போன வாரம் பக்கத்தில் ஆடியவரை இந்த வாரம் கண்களால் தேடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆதிமந்தியின் குரலை அந்த அரையிருட்டில் பொருத்திப் படித்தால் பாடல் புதிதாகத் திறக்கிறது. இதை வகுப்பில் சொன்னேன். மாலையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு மாணவன் எழுந்து, “அந்தத் துணங்கைக்கெல்லாம் போலீஸ் பர்மிஷன் வாங்கணுங்களாய்யா?” என்றான். வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதாக எனக்குப் படவில்லை.

ஏனென்றால் இந்த ஆட்டத்தின் வரலாறே அனுமதியின் வரலாறுதான். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், இரு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட வேளையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. வெடித்தவை வெறும் தட்டுகள் அல்ல, அவற்றுக்கு ஆடிய மனிதர்கள் மீதிருந்த வெறுப்புதான் என்று பலரும் பின்னர் எழுதினார்கள். இங்கிலாந்தில் 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி ஒரு வாரம்வரை ஆடினார்கள். 1994இல் சட்டமே வந்தது. ‘ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள்’ என்று அச்சட்டம் இசைக்கு வரையறை தந்து, திறந்தவெளி இரவு ஆட்டங்களைக் கலைக்கக் காவலருக்கு அதிகாரம் கொடுத்தது. இந்த வரையறைப்படி நம் உருமியும் பறையும் பம்பையும் முதல் குற்றவாளிகள்.

இரவுக்கு அனுமதியில்லையா, பகலில் ஆடுவோம் என்றனர் 1980களில் பிரிட்டனில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகள். பள்ளிக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, பையில் ஒளித்து வைத்த உடைக்கு மாறி, பட்டப்பகலில் ஆடிவிட்டு, மாலை சரியான நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். சங்க அகப்பாடல்களின் பகற்குறி இதற்கு அயலானதல்ல.

போதைப்பொருள் இந்தக் கூடங்களில் புழங்கியது, உயிர்கள் போயின. அதை மறைத்து இந்த மரபைக் கொண்டாடத் தேவையில்லை. ஆனால் டாஸ்மாக் வாசலைக் கடந்து வேலைக்குப் போகும் நாம் அதை மட்டுமே பேசுவது கொஞ்சம் வேடிக்கை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய ஒரு கதை இதற்குள் உண்டு. காதர்பேட்டை தெரியுமல்லவா? ஏற்றுமதிக்குத் தைத்து, ஏதோ குறையால் கழிக்கப்பட்ட சட்டைகள் செகண்ட்ஸ் என்ற பெயரில் குவியும் கடைவீதி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. பாஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கிட்டாரைப் போல அது ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சரக்காக மலிந்துபோன அந்தக் கருவியைச் சிகாகோ இளைஞர்கள் மூவர் கையிலெடுத்து, திருகக்கூடாத அளவுக்குத் திருகினார்கள். 1987இல் வெளிவந்த ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்தது. உலகின் ரிஜக்ட் சரக்கிலிருந்து ஒரு புதுச் சுருதி. அதற்கும் முன்னரே, 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதே கருவியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். வாங்குவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் வாய்பிளந்தது. நம்மவர் அவரை அறிந்ததும் வெளிநாட்டார் சொன்ன பிறகே!

சிகாகோவில் அந்தக் குடோன் திறந்த அதே காலத்தில், 1970களின் இறுதியில்தான், திருப்பூருக்கு ஐரோப்பிய வணிகர்கள் பின்னலாடை தேடி வரத் தொடங்கினார்கள். சட்டை போயிற்று, அதை அணிந்து ஆடுவோரின் சனிக்கிழமை மட்டும் இங்கு வரவில்லை. இங்கும் சனிக்கிழமைதான் சம்பளம். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடியும் ஒன்றரை ஷிப்ட் முடித்து, கையில் காசோடு வெளியே வரும் ஓவர்லாக் டெய்லருக்கும் கைமடிப் பெண்ணுக்கும் இந்நகரம் என்ன வைத்திருக்கிறது? டாஸ்மாக், பரோட்டாக்கடை, கைப்பேசி. கம்பெனி விடுதிப் பெண்களுக்கு அதுவும் இல்லை, வாசற்கதவு பூட்டிக்கொள்ளும்.

கொங்கு நாட்டில் வட்டமாக ஆடும் ஆட்டம் இல்லாமலில்லை. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத் தந்த கோவைப் பகுதிப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மனம் நிறைந்த செய்தி. ஆனால் அதே கும்மி மேடையேறி, ஒரே நிறச் சேலையில் ஆயிரக்கணக்கானோர் என்று சாதனைக் கணக்காகி, சொந்தச் சாதியில்தான் மணப்போம் என்று இளம்பெண்களை உறுதிமொழி சொல்லவைக்கும் இடமாகவும் அண்மையில் மாறியதைப் பார்த்தோம். வேடர்குலப் பெண்ணைக் களவில் மணந்த முருகனின் கதையைப் பாடிக்கொண்டே! ஊர்த்திருவிழா ஆடல் பாடலுக்கோ உயர்நீதிமன்றம்வரை போய் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. ஆபாசம் கூடாது, சாதிப்பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு. சாதிப்பாட்டைத் தடுப்பதை நான் வரவேற்கிறேன். உறுதிமொழிக்கு மட்டும் ஏன் நிபந்தனை இல்லை என்பதே என் கேள்வி.

வேர்ஹவுஸ் கட்டடத்தைச் சிகாகோ நகராட்சி 2023இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது. எங்கள் ஊரில் நினைவிடமாக அறிவிக்க எதுவும் இல்லை, இடமே இல்லை. ஞாயிறு இரவுகளில் லைன் வீட்டு மொட்டைமாடிகளில் ஒடியாக்காரப் பையன்களும் பீகாரிகளும், சில நாள் நம் தென்மாவட்டத்துப் பையன்களும், ஒரு சின்ன ஸ்பீக்கரை நடுவில் வைத்து ஆடுகிறார்கள். மொழி தெரியாது, பாட்டு எதுவென்றாலும் சரி. பத்து மணிக்கு வீட்டுக்காரர் படியேறி வருவார். ஸ்பீக்கர் அணைந்துவிடும். காலை எட்டரைக்கு ஷிப்ட்.